பத்தே முக்கால் மணிப் படம்

காட்டு மரங்கள் எவ்வளவு நைட்ரஜன் எடுத்துக்கொள்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் இலை நிறத்தை வைத்துக் கணக்கிடுவது என் வேலை. கணக்கு சரியா என்று பார்க்க, செயற்கைக்கோள் கடக்கும் அதே நாளில் காட்டுக்குப் போய் இலை பறித்துவர வேண்டும். பாடுபட்டுப் பறித்ததெல்லாம் எத்தனையோ முறை வீணாகியிருக்கிறது. எங்கள் மலையைவிட்டு விலகுவதே இல்லை, பாழாய்ப்போன மேகம்.

அன்று அப்பா நெய்யூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விடிந்ததும் ஜன்னலைப் பார்த்தவர், "மக்கா, வானம் தெளிஞ்சு கெடக்கு. போய் எலயப் பறிச்சிட்டு வா. நான் எங்க போவப் போறேன்" என்றார். போனேன்.

பத்தே முக்காலுக்குச் செயற்கைக்கோள் கடந்தது. பதினொன்றரைக்கு அப்பா இறந்தார். காட்டில் சிக்னல் கிடையாது. பை நிறைய இலையோடு பேச்சிப்பாறைக்கு இறங்கிய பிறகுதான் போன் அடித்தது.

அந்த வருடம் துளி மேகம்கூட இல்லாமல் வந்த படம் அது ஒன்றுதான். காடு பச்சைப்பசேலென்று இருக்கிறது. தெற்கே நெய்யூரில், ஆஸ்பத்திரிக் கூரை நாலைந்து சாம்பல் புள்ளிகளாகத் தெரிகிறது.

வேலைக்குக் காடு மட்டும் போதும், மற்ற இடங்களை வெட்டிவிடுவதுதான் வழக்கம். இந்தப் படத்தை மட்டும் நான் இன்னும் வெட்டவில்லை. அதில், அந்தக் கூரைக்குக் கீழே, அப்பா உயிரோடு இருக்கிறார்.