தார் வைத்து அடைத்த கல்ஜாடி

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் இராக்கில் எங்கள் ஊர் நாசிரியாவுக்கு வந்து என் மனைவி பத்ரியாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே இருக்கும் பழைய சுமேரியர் காலத்துப் புதைமேட்டுக்கு நான் காவல்காரன். மார்ச் மழையில் மண் சரிந்து ஒரு கல்ஜாடி வெளியே வந்தது. சுற்றிலும் காளைகளைச் செதுக்கியிருந்தார்கள். அருங்காட்சியக வண்டி சனிக்கிழமைதான் வரும். திருடர்களுக்குப் பயந்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். அது தப்பு.

பத்ரியா அதை வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இறந்தவர்கள் பெயரில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் மகள் ஹனா போய் ஏழு மாதம். ஆறு வயது. ஆபரேஷனுக்கு முன் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார்கள். கேட்டுக் கேட்டு அழுதாள். நான் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. அவள் பிழைக்கவும் இல்லை. அது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

ஜாடியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தண்ணீர் நிற்கவில்லை.

"பெரிய காவல்காரரு! தேடிப்பிடிச்சு ஓட்டை ஜாடியத்தான் தூக்கிட்டு வந்தீங்களா, ஹனா அப்பா?"

"சும்மா இரு. படகு ஓட்டையையே அடைக்கிறவன் நான்."

தாரை உருக்கி ஊற்றி அடைத்தேன். பத்ரியா மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்தாள். அது புதன்கிழமை.

வியாழன், பிற்பகல் 3.40. புழுதிப் புயல். வானம் சிவந்து இருட்டிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டோம்.

3.52. டக்... டக்... வாசலில் யாரோ கல்லைத் தட்டினார்கள்.

பிறகு ஒரு குரல். "தண்ணி..."

பத்ரியா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பின்னால் நானும். யாரும் இல்லை. ஜாடி நிறையத் தண்ணீர். அவ்வளவு புழுதியிலும் அதில் ஒரு தூசி இல்லை...

"அப்பா... தண்ணி..."

குரல் ஜாடிக்குக் கீழே இருந்து வந்தது. மண்ணுக்குள்.

"நம்ம ஹனாதாங்க! குடுத்துருங்க... இந்தத் தடவையாவது குடுத்துருங்க!"

இடுப்புக் கத்தியை எடுத்து, கையை ஜாடிக்குள் விட்டேன். தாரைக் குடைந்தேன்.

4.05. துளை விழுந்தது.

குடக்... குடக்... விழுங்கும் சத்தம்.

நின்றது.

ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே மண்... காய்ந்து கிடந்தது.

சனிக்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மா ஜாடியைத் திருப்பிப் பார்த்தார். "இது உடைசல் இல்ல. வேணும்னே போட்ட ஓட்டை. புதைகுழிக்கு மேல இத வச்சு ஊத்துவாங்க. தண்ணி செத்தவங்களுக்குப் போய்ச் சேரணும்ல" என்றார்.

ஜாடி கிடைத்த இடத்தைத் தோண்டினார்கள். இரண்டு முழ ஆழம். யார் கையும் படாத மண். ஒரு குழந்தையின் எலும்புக்கூடு. நாலாயிரத்து ஐநூறு வருடம் இருக்குமாம்.

அதன் வாய் நிறையத் தார் இருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது. நடுவில் கத்தியால் குடைந்த துளை...

பத்ரியாவிடம் சொன்னேன்.

"அப்போ... நம்ம புள்ள குடிக்கலையா?" என்றாள்.