கதவு திறந்த பால் வண்டி

சில வருஷங்களுக்கு முன்பு, கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு ரயில்வே கூட்ஸ் ஷெட் வாசலில் நடந்தது இது. நான் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் பால் எடுக்கும் வேன் ஓட்டுகிறவன். அன்று காலை பாலை இறக்கிவிட்டு, காலி கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் வேகன்களிலிருந்து சரக்கு இறக்கும் உள்ளூர்த் தொழிலாளர்கள் கூலித் தகராறில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் அவர்களோடு பேசாமல், வடநாட்டு ஆட்களைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்விட்டார். விஷயம் தெரிந்ததும் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பல கைகளில் தண்டவாளத்து ஜல்லி. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தால் மண்டை உடைவது நிச்சயம்.

அங்கிருந்த பெண் எஸ்.ஐ. என் வேனை நிறுத்தி, அவர்களை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். எங்கள் பக்கம் எந்த ஹர்த்தாலிலும் பால் வண்டியை மறிக்க மாட்டார்கள். பால் இல்லாவிட்டால் போராடுகிறவருக்கும் டீ கிடையாதே! ஆனால் நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"மேடம், ஒளிச்சுக் கொண்டுபோனது தெரிஞ்சா, நாளைக்கு ஒரு பால் வண்டியும் இந்த ரோட்டுல போக முடியாதுங்க" என்று கோபமாகவே சொன்னேன்.

"ஒளிக்கச் சொன்னேனா? கதவைத் திறந்தே வையுங்க" என்றார்.

நேராகக் கூட்டத்துக்குள் போனார். உள்ளே இருப்பவர்கள் இந்தப் பால் வண்டியில் போகிறார்கள், பேச்சுவார்த்தை முடியும்வரை வேறு யாரும் உள்ளே வர விடமாட்டேன், இரண்டுக்கும் நானே பொறுப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். காண்ட்ராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எஸ்.ஐ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொழிலாளர் தலைவர் சற்று யோசித்தார். பிறகு கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். "பால் வண்டியப்பா, வழி உடுங்க. மேடம், சொன்ன சொல்லு மாறுனீங்கன்னா உங்க ஸ்டேஷன் வாசல்லதான் வந்து உக்காருவோமுங்க."

கேன்களுக்கு நடுவே வடநாட்டு ஆட்கள் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். நான் வேனை உருட்டினேன். எஸ்.ஐ. அந்தத் திறந்த கதவை ஒட்டியே நடந்து வந்தார். கல் வந்திருந்தால் முதலில் அவர்மேல்தான் விழுந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. பேச்சு முடிகிறவரை வாசலில் காவல் போட்டு, தன் சொல்லையும் காப்பாற்றினார்.

மறுநாள் காலையும் அதே தொழிலாளர்கள் என் வேனுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தால் அந்த வழி கிடைத்திருக்காது என்பதை, அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.