சாராயக்கடையில் இறங்கிய சாமி

சாராயக்கடையில் குடிக்கிறவனுக்குச் சாராயத்தோடு போயிற்று. ஊற்றிக் கொடுக்கிறவன் அவன் பேச்சையும் சேர்த்து விழுங்கியாக வேண்டும். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு குத்தகைக் கடையில் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். ஊராருக்கு ஏதோ ஒன்றை அளந்து கொடுத்துப் பிழைக்கிறவர்களே, நீங்கள் எண்ணெய் அளந்தாலும் சரி, உப்பு அளந்தாலும் சரி, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

முதுகுவலி

குடிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தவன் ஒருவனும் கிடையாது. ஒருவனுக்குப் பல்வலி. இன்னொருவனுக்கு மாட்டுப் புண்ணைக் கழுவ வேண்டும். பக்கத்து ஊர் கிறிஸ்தவ வேதக்கோயில் உபதேசியார் சனிக்கிழமைதோறும் மருந்துக் குப்பியோடு பின்வாசல் வழியாக வருவார். முதுகில் தடவத்தான் என்பார். குப்பி மட்டும் வரவரப் பெரிதாகிக்கொண்டே போனது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "முதுகுக்கு இம்புட்டா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் அசரவே இல்லை.

"தடவத்தாம்வே. உள்ளுக்குள்ள இருந்து தடவணும்னு வைத்தியன் சொல்லிட்டான்."

சாக்கு வேண்டாதவர்

சாக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் இருந்தார். சுடலைமாடன் கோயில் பூசாரி பேச்சிமுத்து. கொடைவிழாவில் மாடன் இறங்கி ஆடுவதும் குறி சொல்வதும் அவர் உடம்பில்தான். மற்ற நாளில் எங்கள் கடையைத் தாண்டும்போது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். கொடையன்று மட்டும் கடையிலிருந்து ஒரு குடம் கோயிலுக்குப் போகும். அதைத் தூக்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, கொஞ்சமும் தள்ளாடாமல் ஈட்டியை ஊன்றி நிற்பார். முதல் தடவை அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றபோது, கூட நின்ற கடைக் குத்தகைக்காரர் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"பேச்சிமுத்தா குடிக்கான்? மாடன்லா குடிக்கான்! நீ பாட்டுக்கு ஊத்துலே."

பூட்டிய வண்டி

வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டை தொடங்கிய வருஷத்து ஆடிக்கொடை. குடத்தோடு நானும் போயிருந்தேன். செல்லையா என்ற சம்சாரி, காய்ச்சலில் துவண்டு கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். அவனுக்கு ஒரே பிள்ளை. ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டித் தயாராக நின்றது. புறப்படும் முன் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறான். மேளம் நின்றது. அத்தனை கூட்டமும் பேச்சிமுத்துவின் வாயைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஆத்தைத் தாண்டாதே! பிள்ளைக்கு நான் காவல்!" என்று முழங்கினார்.

செல்லையாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திருநீற்றை வாங்கி மகள் நெற்றியில் பூசிவிட்டு வண்டிக்காரனிடம் போனான்.

"மாட்டை அவுத்துருவே. சாமி சொல்லிட்டு."

அடுப்புச் சாம்பல்

அந்த வாரமே பிள்ளை செத்துப்போனது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பேச்சிமுத்து கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொடை நாளும் இல்லை, ஒன்றும் இல்லை. "ஊத்து" என்றார். ஊற்றினேன். குடித்துக் குடித்து, கடைசியில் நெஞ்சில் அறைந்துகொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். "மாடன் வரலலே! எனக்கு ஒருநாளும் வந்ததே இல்ல. எங்கப்பனுக்கு வந்துச்சுன்னு எங்கையில ஈட்டியைக் குடுத்துட்டிய. இந்தக் கொடைக்கு வரும், அடுத்த கொடைக்கு வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்கிய. டாக்டருகிட்ட அனுப்புறதுக்குச் சாமி எதுக்குன்னு கேட்டுருவியளேன்னு பயந்துட்டேன். நாந்தாம்லே சொன்னேன்!" சொல்லச் சொல்ல உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

எவனாவது தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லியிருக்கலாம். அந்த நடுக்கத்தைக் கண்டதும் கடையில் இருந்தவன் எல்லாம் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். ஒருவன் கருவாடு சுடுகிற அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து, திருநீறாகக் கொடுக்கச் சொல்லி அவர் முன்னால் நீட்டினான். இன்னொருவன், காணாமல் போன தன் எருமை எந்தத் திக்கில் நிற்கிறது என்று கேட்டான். "நான் மனுசன்லே! மனுசன்!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். கையில் இருந்த சாராயத்தை அவன்கள் முகத்தில் வீசியடிக்கலாமா என்று எனக்கு வந்தது. எருமைக்காரனோ பயபக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டான்.

"நான் சாமி இல்லன்னு சாமியே சொல்லுதுன்னா, எம்புட்டுக் கோவத்துல இருக்கும் பாத்துக்கிடுங்க!"

ஓங்கிய கை

சாமி இறங்கியிருக்கிறது என்று ஓடிப் போய்ச் செல்லையாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சிமுத்து அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டார். "அடிலே செல்லையா. உம் மவளைக் கொன்னது மாடன் இல்ல, நான். அடி. இல்லன்னா மூஞ்சில காறித் துப்பு." அன்றைக்கு அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஊரில் ஒரே ஒருவன் அவரை மனிதன் என்று ஒப்புக்கொண்டு ஓர் அறை விட்டால் போதும்.

செல்லையாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணிலேயே தெரிந்தது. கையை ஓங்கவும் செய்தான். ஓங்கிய கை அப்படியே பைய இறங்கி, சாம்பல் வாங்குகிற கையாக அவர் முன்னால் விரிந்தது. குனிந்து, அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிறாற்போல் பேசினான்.

"நீரு மனுசன்னா, மாட்டை அவுக்கச் சொன்னவன் நான்லாவே? எம் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சாமியாவே இருந்துட்டுப் போரும்."

அடுத்த ஆடிக்கும் எங்கள் கடைக் குடம்தான் போனது. பேச்சிமுத்து துளிகூடத் தள்ளாடாமல் குடித்து முடித்தார், மாடனுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது.