நான்கு தாள், ஒரே குரல்

டெல்லி தர்பார் நடந்ததற்கு அடுத்த வருஷம். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி உபாத்தியாயராக இருந்தேன். பாட்டுக் கட்டுவதில் கொஞ்சம் பெயர். பெயரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கர்வம். ராதாபுரத்துப் பக்கம் பனங்காட்டுக்குள் இருந்த ஒரு சபையார், அறுப்பின் பண்டிகைக்குப் புதிதாக ஒரு பாட்டுக் கேட்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் நான்கு குரலாகப் பிரிந்து ஒரே நேரத்தில் பாடும்படி ஒன்று எழுதி, குரலுக்கு ஒரு தாளாக ஸ்வரம் குறித்து அனுப்பிவைத்தேன். நான் நான்கு குரலில் கட்டியதைப் பிறர் பாடிக் கேட்பது எனக்கு அதுவே முதல் தடவை. மாட்டு வண்டியில் ஒரு முழு நாள் குலுங்கிக்கொண்டு போனேன். இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

ஆலயம் நிறைந்திருந்தது. பாட்டு தொடங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைகள் என்னுடையவை, ராகத்தைத்தான் காணோம். முப்பது பேரும் சேர்ந்து ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டாம் சரணம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். இது என் பாட்டே இல்லை, தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே என்று, பாடக் கற்றுக்கொடுத்த உபதேசியாரைச் சபை நடுவில் சத்தம் போட்டேன். அவர் என்னைவிட மூத்தவர். தலை குனிந்து நின்றார். பாடியவர்கள் ஒவ்வொருவராகப் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்படியும், ஆராதனைக்குப் பின் சபையார் எல்லோருக்கும் போடும் அசனப் பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. சாப்பிட்டுக் கை கழுவியதும் உபதேசியார் வந்தார். வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து நான்கு தாள்களையும் எடுத்து நீட்டினார்.

"ரெண்டு மாசமா, பனையிறங்கி வந்து உக்காந்து படிச்சாவய்யா. எங்கன பிசகுனோம்னு ஒரு கோடு போட்டுத் தாங்க, திருத்திக்கிடுதோம்."

வாங்கிப் பார்த்தேன். தலைப்புகள் நான்கு குரலுக்கும் சரியாக இருந்தன. கீழே நான்கிலும் ஒரே குரல். ராகத்துக்குத் துணையாக அடியில் நிற்கவேண்டிய குரல். பையன்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வகுப்பிலேயே பிரதி எடுத்திருந்தேன். முதலில் நான்கு தலைப்பையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒரே மூலத்தைப் பார்த்து நான்கு முறை எழுதியிருக்கிறேன். பாடியவர்கள் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

நான்கும் ஒன்றுபோல இருக்கிறதே என்று பாடகர்களில் ஒருவர் பழகும்போதே கேட்டாராம்.

"ஐயா எழுதுனா அதுல ஒரு காரணம் இருக்கும்னுட்டேன்" என்றார் உபதேசியார்.

பந்தியில் இன்னும் எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ தாள்களை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்லி வண்டி ஏறினேன்.

அனுப்பவும் செய்தேன். சில நாளில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு திருத்தி அனுப்பியதற்காகச் சபையார் தங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிழை என்னுடையது. என் பேரைச் சொல்லாமல் அச்சில் எழுதும்போது இது எவ்வளவு சுலபமாக வருகிறது. அன்று அவர்கள் முகத்தைப் பார்த்து வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது.