சவுக்காரத்துக்குப் போன உப்பு

ஜப்பான்காரர் ஆட்சியில் ஈப்போவில் எங்கள் பள்ளி மூடப்பட்டதும், அப்பா கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்த சிலிம் ரிவர் ரப்பர்த் தோட்டத்துக்கு நானும் தங்கையும் திரும்பினோம். என்னிடம் நான்கைந்து இலக்கியப் புத்தகங்கள் இருந்தன. அவள் தலைக்குள் வேதியியல் இருந்தது. நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசினாள்.

அண்ணிக்கு நிறைமாதம். பார்க்க வந்த மருத்துவச்சி ஒரே ஒரு பொருளைக் கேட்டாள்.

"சவுக்காரம் வேணும்லா. கையும் துணியும் சுத்தமில்லாம நான் பிள்ளையத் தொடமாட்டேன்."

கடைகளில் சோப்புக்கட்டி மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தங்கை வாழைமட்டைச் சாம்பலைக் கரைத்து வடித்தாள். அந்த நீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து தெளியவைத்து, அப்பா வாங்கிவந்த செம்பனை எண்ணெயோடு காய்ச்சினாள். கிளறும் வேலை எனக்கு. மாலையில் சட்டியில் கிடந்தது ஆரஞ்சு நிறக் கூழ். நுரைத்தது; ஆனால் இறுகவில்லை. தொட்ட விரல் எரிந்தது.

"இந்தக் காரத்தோட பச்சப்பிள்ளை துணியத் தொவைக்க முடியாது" என்றாள் தங்கை. "உப்புப் போட்டா கட்டி மேல மிதக்கும், காரம் கீழ எறங்கிரும். மூணு சிரட்டை வேணும்."

வீட்டு உப்பு ஜாடியில் இருந்ததே அவ்வளவுதான். அடுத்த உப்பு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஜாடியின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"நீ செஞ்சு பாத்திருக்கியா?"

"இல்லம்மா. படிச்சிருக்கேன்."

"படிச்சாளாம்!"

உப்பு போட்டால் ஏன் இறுக வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் கரித்துண்டால் அடுப்படித் தரையில் வரைந்தாள்.

"உப்புல சோடியம் ஒரு எலெக்ட்ரானக் குடுத்திருச்சு, குளோரின் வாங்கிக்கிச்சு. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். அதனால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தண்ணியில போட்டா பிரிஞ்சிரும். எண்ணெயில இருக்கிற கார்பனெல்லாம் அப்படி இல்லக்கா. குடுக்கல் வாங்கல் கெடையாது, பொதுவா வச்சுக்கும். தண்ணியால அதைப் பிரிக்க முடியாது."

சவுக்காரத்தில் இரண்டு வகையும் இருந்தன. பகிர்ந்து பிணைந்த நீண்ட கார்பன் தொடர் எண்ணெயைப் பற்றும். அதன் மின்னூட்டம் உள்ள முனை நீரை நாடும். அந்த முனையில் சாம்பலிலிருந்து வந்த பொட்டாசியம் இருக்கும்வரை சவுக்காரம் கூழாகவே இருக்கும். நிறைய உப்பு சேர்ந்தால் சோடியம் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

"ஜோடி மாத்திக்கும்மா, அவ்வளவுதான்."

"சீ! அடுப்படியில பேசுற பேச்சா இது?" என்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அண்ணியும் சிரித்தாள். சிரித்த மூச்சு அடங்க அவளுக்கு நேரமாயிற்று. அம்மா அந்தப் பக்கம் பார்த்தார், ஜாடியைத் தங்கை பக்கம் நகர்த்திவைத்தார்.

"போடு. உன் படிப்புக்கு இல்ல, அவளுக்கு."

தங்கை ஜாடியைச் சட்டியில் கவிழ்த்தாள். உப்பு கரைந்தது, சட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. நான் கிளறிக்கொண்டே இருந்தேன். பிறகு கூழ் தயிர்போலத் திரிந்தது. திரிந்தது மேலே கூடியது. கீழே பழுப்பு நீர் தெளிந்தது. மறுநாள் மேலே இறுகியிருந்ததை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். எரியவில்லை.

அம்மா அந்தப் பழுப்பு நீரைக் காய்ச்சி உப்பை மீட்க நினைத்தார். "வேணாம்மா, காரமெல்லாம் அதுலதான் கெடக்கு" என்று தங்கை கொட்டிவிட்டாள். கொட்டிய இடத்தைத்தான் அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே குழந்தை பிறந்தது, பெண். மருத்துவச்சி முழங்கைவரை தேய்த்துக் கழுவியபின் கட்டியை முகர்ந்து, "கடைச் சவுக்காரம் மாதிரி மணக்கல, ஆனா அழுக்குப் போகுதுலா" என்றாள். தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பகல் மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்த அப்பா நிமிர்ந்தார்.

"இன்னைக்கும் உப்பில்லையா?"

அம்மா பரிமாறுவதை நிறுத்தாமல் சன்னலைக் காட்டினார். வெளியே கொடி நிறையக் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.