முட்டத்து வெளிச்சத்தில் படித்த இருவர்

காலை 6.30. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து பாசஞ்சர் கிளம்பியது. திருவனந்தபுரத்துக்கு எழுபத்தொரு கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரணியல் வரை கதவருகே நின்றேன், குழித்துறை வரை நடைபாதையில் உலாத்தினேன். "எம்மா, ஒண்ணு இரி, இல்லேன்னா இறங்கு. எனக்குத் தல சுத்துது" என்றார் எதிர் இருக்கைப் பூக்காரம்மா.

நான் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. அயர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர் படிப்பதற்கான நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடம் இரண்டு, அழைக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால் இன்று விட்டால் விட்டதுதான். போகாவிட்டால் வெடித்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதில் பாதிக்கு மேல் உண்மை.

9.15. ரயிலிறங்கி, தம்பானூரிலிருந்து வழுதக்காட்டுக்கு ஆட்டோ, மீட்டர்படி நாற்பத்தைந்து ரூபாய். நேர்காணல் நடக்கும் அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவரில் பெரிய அறிவிப்புப் பலகை: ஒரு செமஸ்டர் பரிமாற்றம், நாலு வாரக் கோடை வகுப்பு, ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி, மொழிபெயர்ப்புப் பட்டறை. நின்றபடியே எல்லாவற்றையும் மூன்று முறை படித்தேன். பத்தரைக்குத்தான் சொன்னார்கள், நேர்காணல் இரண்டரைக்காம். அயர்லாந்துக்காரர்கள் திரையில் வர வேண்டும், இங்கே பத்தரை என்றால் அங்கே காலை ஐந்து மணிதான். இதை யாரும் முன்பே யோசிக்கவில்லை.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பெனிட்டா. பாறசாலைக்காரி. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அவளும் இரண்டாம் ஆண்டு. விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்த 'நான் ஏன் போக விரும்புகிறேன்' கட்டுரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: 'முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எங்கள் வீட்டுச் சுவரைச் சுற்றி வரும், அந்த வெளிச்சத்தில்தான் நான் ஆங்கிலம் படித்தேன்.'

என் கட்டுரையின் முதல் வரியும் அதுவேதான்.

எங்கள் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், புராஜெக்ட் எல்லாம் சீனியர்களிடமிருந்து இறங்கி வரும். பெயரை மாற்றிக் கொடுப்போம். கேட்பாரில்லை. போன வருடம் தேர்வான சீனியர் அக்காவுக்கு உண்மையிலேயே முட்டத்தில் வீடு. அவள் கட்டுரை வாட்ஸ்அப்பில் எங்களில் யாரும் போகாத தூரமெல்லாம் போயிருந்தது. எங்கள் வீடு நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில். எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு ஜன்னல்.

"ஒனக்கும் அதேயா பிள்ள?" என்றாள் பெனிட்டா. முகம் வெளிறிவிட்டது.

11.30. அவளையும் இழுத்துக்கொண்டு வலியசாலைக்குப் போனேன். சித்தி வீடு அங்கே. ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். புதிதாக ஆளுக்கொரு பக்கம் எழுதி நேரில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். சித்தி இலை போட்டுவிட்டாள். எனக்கோ சாதம் இறங்கவில்லை.

"ரெண்டு பேரும் நன்னா சாப்பிடுங்கோடி. ஐயர்லாந்து எங்கேயும் ஓடிப் போயிடாது கேட்டியா" என்றாள்.

ஓடிப் போய்க்கொண்டுதான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. பத்து வருடமாகச் சொந்தமாக எதையும் எழுதாத கைக்கு எப்படி வரும்? கடைசியில் ஆத்திரத்தில் உள்ளதை எழுதினேன். இதுவரை நான் போனதிலேயே தூரமான ஊர் திருவனந்தபுரம், எழுபத்தொரு கிலோமீட்டர். ஆங்கில நாவல்களில் வரும் ஹீத் என்ற புதர்வெளி எப்படிப்பட்ட நிலம் என்று பார்க்காமலே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கிய எட்டும் பொய்யாகத் தோன்றுகிறது, போய்ப் பார்க்க வேண்டும்.

பெனிட்டா நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டாள். "எனக்க வீடு முழுக்க ரப்பர் ஷீட் நாத்தம். அத எழுதினா அயர்லாந்துக்காரன் விடுவானா? நான் மாத்தல. ஜெயிச்ச பேப்பர் அதுதானே? நீ உள்ள ஒண்ணும் சொல்லீராத."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

2.50. அகரவரிசையில் பெனிட்டா முன்பே போய் வந்துவிட்டாள். என் முறை வந்ததும் உள்ளே போய், புதுத் தாளை நீட்டி, பழையது என்னுடையதல்ல என்று ஒப்புக்கொண்டேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் படித்துப் பார்த்துவிட்டு, திரையில் இருந்த இருவருக்கும் வாசித்துக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு மேடம் ஒலியை அணைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கொறச்சு முன்னே வந்த குட்டியும் அந்த லைட்ஹவுஸ்தான் எழுதியிருக்கு. முட்டத்துல வீடு எவிடேன்னு கேட்டா பதிலே இல்ல. அது அவளோடதா?"

எங்கள் எல்லாருக்கும் அது வாட்ஸ்அப்பில் வந்தது, அவளைத் தனியாகக் குற்றம் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை கேளுங்கள், வேறு கட்டுரை தருவாள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு இடம் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. "தெரியாது மேடம்" என்றேன்.

4.40. பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். இரண்டாவது பெயர் என்னுடையது. பெனிட்டாவின் பெயர் இல்லை.

5.30. திரும்பும் ரயில். இந்த முறை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நேமம் தாண்டியதும் எதிரே இருந்த பெனிட்டா கேட்டாள்: "என்னயப் பத்திக் கேட்டாவளா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். நான் உனக்காகப் பேசியிருக்கணும். பேசல."

"பின்ன என்ன சொல்லுவ? நீ சொன்ன வாக்குப்படிதானே செஞ்ச" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாறசாலையில் வண்டி நின்றது. இறங்கிப் போனவள் ஜன்னல் பக்கம் திரும்பி வந்தாள். "பிள்ள, அந்தக் கோடை வகுப்புக்கு மூணாம் வருசத்துலயும் போடலாமாம். ஒனக்க புதுப் பேப்பர ஒரு போட்டோ எடுத்து அனுப்புவியா?"

சுருக்கென்று கோபம் வந்தது. என் வாழ்க்கையில் நானாக எழுதிய ஒரே பக்கம் அது. சொந்தமாக எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. குழித்துறை வருமுன் சித்தி வீட்டில் முதலில் எழுதிப் பையில் வைத்திருந்த அடித்தல் திருத்தல் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். எழுபத்தொன்று என்பதை அவள் முப்பது என்று மாற்றிக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அவளுக்கும் அப்படியே உண்மை.