பச்சைச் சாம்பல்

போன மாசியில் மாதனூரிலிருந்து என் தோஸ்த் போன் போட்டான். ஷூ கம்பெனியில் அவனை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்டர் கம்மி என்று லைனில் பாதிப் பேரை அனுப்பியிருந்தார்கள். இப்போது மறுபடி ஆள் எடுக்கிறார்கள், யாரை எடுப்பது என்பது சூப்பர்வைசர் கையில். அந்த சூப்பர்வைசர் டீக்கடையில் யாரிடமோ செல்போனில் வீடியோ காட்டி, தோட்டத்தில் உட்கார்ந்து இப்படிக் கோழியைக் கரியில் சுட்டுத் தின்ன ஆசை என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற இவன் உடனே ஞாயிறு மத்தியானத்துக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

"நீ வந்து சுட்டுக் குடு. வேலை கெடச்சா ஒன்னாலதான். கெடைக்கலன்னா பொண்டாட்டி புள்ளயோட நானும் ஒன்ன மாதிரி ஊர் சுத்தறேன்" என்றான்.

நான் அப்போது ஏலகிரியில் ஒரு விடுதியில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கோழி சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டவர்களோடு எட்டு மாதம். அதற்கும் முன்னால், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில், ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு. எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கரி மட்டும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பின்பக்கச் சுவரோரம் இரண்டு மூட்டை இருந்தன. முதல் மூட்டை கடையில் வாங்கிய கருவேலங்கரி. குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டு துண்டைத் தட்டினேன், தொப்பென்றது. ஈரக்கரி வெடிக்கும், புகையும், பொறி கண்ணில் அடிக்கும். இரண்டாவது மூட்டையில் கையை விட்டேன். தட்டியதும் ஓட்டுச் சில்லு போல ஓசை வந்தது. உடைக்கப் பார்த்தேன், உடையவில்லை. கல்லில் மோதினதும் உள்ளே பளபளவென்று ஒரே கருப்பு. அடியில் தூளே இல்லை. என் கையில் பட்ட கரியிலேயே அதுதான் நல்ல கரி.

"இதுதான் வேணும்" என்றேன்.

"இன்னா கட்டை அது, இரும்புடா" என்றான் தோஸ்த். எந்தக் கட்டை என்று நான் கேட்கவில்லை.

பழைய பெயின்ட் டப்பாவின் அடியில் ஆணியால் துளை போட்டு, கீழே தேங்காய் நார் திணித்து, மேலே கரியை அடுக்கினேன். அவன் கெரசின் பாட்டிலோடு வந்தான். "தூரப் போ. சாரு கோழி தின்ன வர்றாரா, ஸ்டவ் தின்ன வர்றாரா?" என்றேன். அவன் மனைவி சிரித்தாள். தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு விடியற்காலையே கோழிக்காலை ஊற வைத்திருந்தாள். நாலு வயசுப் பெண் அந்தக் குண்டானை விட்டு நகரவில்லை.

டப்பாவை நிரப்பும்போது ஒரு துண்டு வித்தியாசமாக இருந்தது. மணிக்கட்டுப் பருமன், முழுக்க உருண்டை, நுனி மழுங்கியிருந்தது. மரம் அப்படி வளராது, கடைசலில் கடைந்தால்தான் வரும். அப்போதும் உள்ளே போட்டுப் பற்றவைத்துவிட்டேன். நார் பிடித்து, கரி சிவந்து, ஒரு வாடை எழுந்தபோதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

தோல் ஷாப்பில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் மர டிரம்கள் சுற்றும். உள்ளே குரோம் தண்ணீரில் தோல் புரண்டு நீலமாகும். தோலைத் தூக்கிப் போட டிரம்முக்குள் வரிசையாக, மணிக்கட்டுப் பருமனில் உருண்டை மர முளைகள் அடித்திருப்பார்கள். நின்ற டிரம்மைக் கழுவ என்னை உள்ளே இறக்குவார்கள். அந்த முளைகளில் முட்டி இடிக்காத நாளில்லை. அந்தத் தண்ணீர் பட்டு என் விரலில் விழுந்த புண் ஆற நாலு மாதம் ஆனது.

"இந்தக் கரி ஏதுடா?" என்றேன்.

"ஷாப்பு ஒண்ணு இடிச்சாங்கல்ல, நான்தான் கூலிக்குப் போனேன். டிரம் பலகைய எடுத்துக்கோன்னாங்க. ஆத்தோரம் மூட்டம் போடறவன்கிட்ட குடுத்துக் கரியாக்கினேன். ஏன்?"

"அந்தப் பலகை முப்பது நாப்பது வருஷம் குரோம்ல ஊறினது."

"எரிஞ்சா எல்லாம் போய்டும்."

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நல்ல கரி பற்றினால் மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்கும். இதில் ஓரங்களில் பாசி படிந்த மாதிரி பச்சை பூத்திருந்தது, நடுவே மஞ்சள்.

"போகலடா. பாரு, குரோம் பச்சை."

அவன் பார்த்தான். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது.

"அந்த மூட்டைய மாத்திடறேன்" என்றேன்.

"அது ஈரம்னு நீதான சொன்ன? சார் மூஞ்சில புகை அடிக்கவா?"

"அப்ப உள்ள காஸ்ல வறுத்துடலாம்."

"காஸ்ல வறுத்தது அவரு வூட்லயே இருக்குது. கம்முனு சுடு. ஒன் கால்ல வுழுறேன்." விழுகிற மாதிரி குனியவும் செய்தான்.

சூப்பர்வைசர் பின்பக்கம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தை கையில் கொடுத்தார். நான் செங்கல் அடுப்பில் கரியைக் கொட்டினேன். கம்பி வலைக்கு இரண்டு செங்கல் கூடுதலாக வைத்து உயர்த்தினேன். சாம்பல் பறக்கக் கூடாதென்று விசிறவில்லை. அதனால் என்ன தடுக்க முடியும் என்று எனக்கே தெரியாது. கோழியின் நெய் சொட்டிய இடங்களில் கரி சீறியது, பச்சை கலைந்து மறுபடி பூத்தது.

"இன்னாப்பா கரி இது, புகையே இல்ல!" என்றார் சூப்பர்வைசர்.

"ஸ்பெசல் சார்" என்றான் தோஸ்த், என் பக்கம் பார்க்காமல்.

முதல் கால் அவருக்கு. இரண்டாவதைத் தோஸ்த் குழந்தைக்குப் பிய்த்துப் போடும்போது அவன் கை ஒரு நொடி நின்றது. சார் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுவிட்டான். நான் வயிறு சரியில்லை என்றேன். "சமைக்கிறவனே துன்னலன்னா எங்களுக்கு சந்தேகம் வராதா?" என்று சார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனால் தொடவில்லை. தோஸ்த் மூன்று கால் தின்றான், பந்தயத்தில் தின்கிறவன் மாதிரி வேகவேகமாக.

கை கழுவும்போது சூப்பர்வைசர் சொன்னார். "நாளைக்கே கம்பெனி பஸ்ல ஏறிடு. புது ஐடி கார்டு அங்க வாங்கிக்கலாம்." பிறகு மூட்டையைக் காட்டினார். "இதுல கொஞ்சம் கெடைக்குமா? அடுத்த வாரம் தங்கச்சி புள்ளைங்கல்லாம் வராங்க."

"முழுசா எடுத்துக்குங்க சார்."

ஸ்கூட்டரில் மூட்டையை நான்தான் தூக்கி வைத்தேன். கயிறு போட்டு இறுக்கியதும் நான்தான்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தோஸ்த் தலை சீவி, பழைய ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினான். போகும்போது, "ஒண்ணும் ஆகல பாத்தியா?" என்றான். உண்மைதான். யாருக்கும் வயிற்றுவலிகூட இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். அவன் மனைவி அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளி, அவரைக்கொடிப் பந்தலில் செடிப்பேன் பிடித்த இடமாகப் பார்த்துத் தூவப் போனாள்.

"அதைத் தூவாதம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். எந்தப் பலகை, எந்தத் தண்ணீர், என் விரல், எல்லாம். தின்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சாருக்கு?"

"தெரியாது. சொல்லணும். அவரு வூட்லயும் புள்ளைங்க தின்னும்."

அவள் முறத்தைப் பிடித்தபடி நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. தாலிப்பொட்டு அடகுக்குப் போனது எனக்குத் தெரியும்.

"சொல்ல வேணாண்ணா" என்றாள்.

"அடுத்த வாரம்..."

"ஒரு மாசம் போவட்டும். கார்டு கைக்கு வரட்டும். நேத்து ஒங்க கண்ணு முன்னாடிதான எம்புள்ள தின்னுச்சி? அப்ப ஏண்ணா சொல்லல?"

அவள் சாம்பலைப் பாலிதீன் கவரில் கொட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, துணிப்பையில் வைத்து என்னிடம் நீட்டினாள். "போற வழியில எங்கனா கொட்டிடுங்க. எங்க ஊர்ல வேணாம்." பிறகு சோப்பை எடுத்துக் கையைத் தேய்த்தாள். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

வாணியம்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சாம்பல் பை மடியில். கால்வாயில் வீசலாம் என்று பார்த்தால் அது பாலாற்றுக்குப் போகிறது. வயல் வந்தது, வயலில் கிணறு இருந்தது. ஒரு குப்பைமேட்டில் மாடுகள் மேய்ந்தன. சூப்பர்வைசர் நம்பர் என் போனில் இருந்தது. அடுப்பருகே நின்றபோது அவரே கொடுத்தார், ஏதாவது வேலை வேண்டுமென்றால் கூப்பிடு என்று. இரண்டு முறை நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு மூடினேன்.

வாணியம்பாடியில் சாம்பல் பையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். பத்தடி போவதற்குள் கண்டக்டர் படியில் நின்று கூவினார்.

"அண்ணே! பைய வுட்டுட்டுப் போறீங்களே!"

நான் திரும்பவில்லை.